நாளில் பேரம் இல்லை

அத்தியாயம் 14

விலை கேட்டதும் கேட்டவர் முகத்தைப் பார்ப்பது வியாபாரியின் வழக்கம். முகத்தில் அவசரம் தெரிந்தால் நூறு ஏற்றலாம். சலிப்பு தெரிந்தால் ஐம்பது இறக்கலாம். ஆல்டரேஷன் கடைக்காரி 'சொன்னநாள்' முகம் பார்ப்பவள் இல்லை. துணியை வாங்குவாள். உள்பக்கம் வெளியே வரும்படி சட்டென்று புரட்டுவாள். தையலோரத்தில் ஒரு விரல் நீளம் பிரித்துப் பார்ப்பாள். அதற்கப்புறம்தான் வாய் திறக்கும். விலை ஒன்று, நாள் ஒன்று. இரண்டையும் சீட்டில் எழுதித் துணியில் குத்திவிடுவாள். விலையில் பேரம் பேசலாம். நாளில் பேசக்கூடாது. பதினெட்டு வருஷமாக அவள் சொன்ன நாள் தப்பியதில்லை; 'சொன்னநாள்' என்ற பட்டம் வந்ததும் அதனால்தான்.

அப்படிப்பட்டவள் செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, துணியை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எதிரில் நின்றது தங்கச்சி.

ஆறு வருஷம் பேச்சில்லாத தங்கச்சி கடைப்படி ஏறி, பெரிய பை ஒன்றை மேசைமேல் தொப்பென்று வைத்ததோடு போன வாரம் நாம் எழுந்து போய்விட்டோம். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்குச் சண்டையின் கதை இவ்வளவுதான்: தங்கச்சிக்கும் அவள் புருஷனுக்கும் பெரிய கடைத்தெருவில் ரெடிமேட் கடை. அங்கே விற்கிற பேண்ட்டுக்கெல்லாம் கால் மடித்துத் தைத்துக் கொடுத்தது சொன்னநாள்தான். ஒருமுறை அவள் வியாழன் என்றாள். தங்கச்சி புருஷன் வாடிக்கையாளரிடம் நாளைக்கே என்றார். வரவில்லை என்றதும் நாலு பேர் முன்னால், "அக்காவுக்குக் கையில வேலை ஓடாது, வாயில நாள் மட்டும் ஓடும்" என்று சிரித்தார். மறுநாள் நாற்பது பேண்ட்டும் திரும்பிப் போயின. நாற்பதிலும் ஒரு கால் மடித்துத் தைத்திருந்தது. ஒரு கால் தொங்கியது. அதோடு பேச்சும் தொங்கிப்போயிற்று.

"இதுக்கு எவ்ளோ ஆகும்ங்க? எத்தனை நாள் ஆகும்ங்க?" என்றாள் தங்கச்சி.

அந்த 'ங்க'தான் குத்தியது. கூடப் பிறந்தவளுக்கு மரியாதை கொடுத்துப் பேசுவதற்குப் பதில், கன்னத்தில் ரெண்டு வைத்துவிட்டுப் போகலாம்.

"பார்த்துட்டுச் சொல்றேங்க," என்றாள் சொன்னநாள். இவள் மட்டும் இளைத்தவளா?

மெஷினுக்குப் பின்னாலிருந்து கத்தரி எட்டிப் பார்த்தார். கத்தரி என்பது சொன்னநாளின் புருஷன். துணி வெட்டுவதைவிட அடுத்தவர் பேச்சை நடுவில் வெட்டுவதில் கெட்டிக்காரர்.

"ரெண்டு பேரும் இவ்ளோ மரியாதையாப் பேசினா, நான் எழுந்து நிக்கணுமா, உட்காரலாமா?"

யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். தங்கச்சிக்குப் பின்னால், கண்ணாடிக் கதவை ஒட்டி நின்றவள். தங்கச்சி மகள். பதினாறு வயதில் பார்த்த பொடிசு இப்போது இருபத்திரண்டு. பொடிசு என்று வாய் வரை வந்ததைச் சொன்னநாள் விழுங்கினாள்.

பையிலிருந்து வெளியே வந்தது ஒரு கல்யாண உடுப்பு. நீளமான வெள்ளைக் கவுன். வெள்ளை என்றால் புது வெள்ளை இல்லை, பாலாடை வெள்ளை. மார்பிலிருந்து இடுப்பு வரை சின்னச் சின்ன முத்து.

"பையனோட அம்மா அவங்க கல்யாணத்துக்குப் போட்டது," என்றாள் தங்கச்சி. "வர்ற மருமக இதைத்தான் போடணுமாம். இவளுக்கு இடுப்பு தொளதொளன்னு இருக்கு, கீழ தரையைப் பெருக்குது. வர்ற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு கல்யாணம்."

"பன்னெண்டு நாள்," என்றார் கத்தரி.

"முதல்ல ரெண்டு மாசம் கழிச்சுத்தான் வச்சிருந்தோம். யாரோ ஒருத்தங்க கல்யாணம் நின்னு போச்சு. மண்டபக்காரன் அந்த நாளைப் பாதி விலைக்கு விட்டான். விடுவேனா?"

விடமாட்டாள். சின்ன வயதிலேயே வீட்டில் அவளுக்கு அரைவிலை என்று பெயர். எதைக் கேட்டாலும் பாதியில்தான் ஆரம்பிப்பாள். அப்பா அடி கொடுக்கக் கை ஓங்கினால்கூட, "பத்து வேண்டாம், அஞ்சு" என்பாள். இப்போது மகள் கல்யாணத்தையே பாதி விலைக்கு முடித்துவிட்டாள். அந்தச் சந்தோஷம் மூக்கு நுனி வரை மினுங்கியது.

சொன்னநாள் உடுப்பைப் புரட்டினாள். கைக்கு நிம்மதி வந்தது. துணி என்றால் கைக்குத் தெரியும். மூன்று அடுக்கு. மேலே வலை, நடுவில் பட்டு, அடியில் லைனிங். பக்கத் தையலில் ஒரு விரல் பிரித்தாள். நூல் பழசு; துணி உறுதி. முத்து வேலைதான் நேரத்தைத் தின்னும். ஒரு சாணுக்கு எத்தனை முத்து என்று எண்ணினாள். அறுபத்திநாலு. இரண்டு பக்கமும் முன்னும் பின்னுமாகக் கூட்டினால் ஐந்நூறு சொச்சம். எடுக்க ஒரு நாள், திரும்பக் கோக்க ஒரு நாள். ஜிப் கழற்றி மாட்ட, பக்கம் பிடிக்க ஒரு நாள். கீழ்மடிப்பு பதினாலு சாண். லைனிங்குக்கு மெஷின் போதும், மேல் இரண்டு அடுக்குக்கும் கைத்தையல்தான். முன்னால் வரிசையில் நிற்கிற வேலையையும் சேர்த்தால் ஆறு நாள். திங்கட்கிழமை மாலை கையில் கொடுத்துவிடலாம். அப்புறமும் கல்யாணத்துக்கு ஆறு நாள் மிச்சம்.

ஆறு என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. தங்கச்சி திரும்பத் திரும்ப வருவாள். அளவு பார்க்க இரண்டு முறை, வாங்க ஒருமுறை. அப்புறம் கல்யாணத்துக்குக் கூப்பிடாமலா போவாள்? ஆறு வருஷத்துத் தையலை ஆறு நாளில் பிரித்துவிடலாம்.

"பொண்ணு உள்ள வரட்டும். அளவு எடுக்கணும்," என்றாள்.

கடையின் மூலையில் ஒரு திரை. உள்ளே ஒரு ஆள் நிற்கலாம். இரண்டு பேர் நின்றால் ஒருத்தர் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். பொடிசு உடுப்பைப் போட்டுக்கொண்டு நின்றாள். சொன்னநாள் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு இடுப்பில் துணியை மடித்தாள்.

"பெரியம்மா," என்று காதோரம் ஒரு முணுமுணுப்பு.

ஆறு வருஷம் கழித்துக் கேட்ட பெரியம்மா. ஒரு ஊசி வாயிலிருந்து கீழே விழுந்தது.

"ஒரு மாசம் ஆகும்னு சொல்லுங்க."

"எதுக்கு?"

"இந்த வேலைக்கு. ஒரு மாசம் இல்லாம முடியாதுன்னு சொல்லுங்க. அப்பப் பழைய தேதிக்கே போயிரும். அவங்க வீட்டுல இந்த உடுப்பு இல்லாம கல்யாணம் வைக்க மாட்டாங்க."

"பையன் பிடிக்கலையா?"

"நல்ல பையன் பெரியம்மா. அதான் பிரச்சினை. கெட்டவனா இருந்தா வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிருவேன்." அவள் ஊசி குத்திய மடிப்பைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு ஒரு பதில் வரணும். மூணு வாரம் ஆகும். அது வராம நான் போய் நிக்க மாட்டேன்."

"யார்கிட்ட இருந்து பதில்?"

"அதை இப்பக் கேக்காதீங்க. அம்மாகிட்ட நான் பேசினா மண்டபம், பாதி விலைம்பா. வேற டெய்லரை வச்சுச் சொன்னா நாலு கடை ஏறி இறங்குவா. நீங்க சொன்னா மட்டும் கேப்பா. இந்த ஆறு வருஷமும் வீட்டுல உங்களைத் திட்டும்போதுகூட, 'நாள் மட்டும் சரியாச் சொல்லுவா பாவி'ன்னு சொல்லித்தான் திட்டுவா."

திரை சர்ரென்று விலகியது.

"அளவு எடுக்கிறீங்களா, ஆராய்ச்சி பண்றீங்களா?" என்றாள் தங்கச்சி. "எத்தனை நாள்?"

சொன்னநாள் வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தாள். நாலு ஊசிக்கு நாலு மூச்சு.

"சாயங்காலம் வாங்க. சொல்றேன்."

மெஷின் நின்றது. கத்தரி கண்ணாடியைக் கழற்றினார். பதினெட்டு வருஷத்தில் அவள் ஒரு துணிக்கும் சாயங்காலம் வரை நேரம் கேட்டதில்லை.

"சாயங்காலமா?" தங்கச்சி முகம் சுருங்கியது. "ஆறு மணிக்குச் சம்பந்தியம்மா போன் பண்ணுவாங்க. நாள் கேட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன். அதுக்கு முன்னால சொல்லணும்ங்க."

"சொல்லிருவேங்க."

அவர்கள் போன பிறகு அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உடுப்பைக் கொக்கியில் மாட்டினாள். எடுத்தாள். மடித்தாள். மடித்தது சரியில்லை என்று பிரித்தாள். முத்தை மறுபடி எண்ணினாள். இந்த முறை அறுபத்திரண்டு வந்தது. சாக்கட்டியை அழுத்தி உடைத்தாள். இஸ்திரிப் பெட்டியைப் போட்டுவிட்டு எதைத் தேய்க்க என்று தெரியாமல் நின்றாள்.

பக்கத்துக் கடைச் சாவிக்காரர் வாசலுக்கு வந்து நின்றார். ஒரு தெருவில் ஒரு ஆள் சும்மா இருந்தால் போதும், செய்திக்குப் பஞ்சமில்லை.

"என்னம்மா, சாயங்காலம் சொல்றேன்னு சொன்னியாமே? காதுல விழுந்துச்சு. உடம்பு சரியில்லையா?"

"உங்க காதுக்குத்தான் ஒரு பூட்டுப் போடணும்."

"போடலாம். சாவி நானே செஞ்சுக்குவேன்," என்று சொல்லிவிட்டு அவர் நகரவில்லை.

பன்னிரண்டு மணிக்கு ஆபீஸ்காரர் ஒருவர் கோட்டோடு வந்தார். கை நீளம், ஒரு விரல் குறைக்க வேண்டும். சொன்னநாள் கோட்டை வாங்கினாள், முதுகைப் பார்த்தாள், மனசுக்குள் மூன்று வாரம், மூன்று வாரம் என்று ஓடிக்கொண்டிருந்தது.

"நூத்தைம்பது. நாளைக்கு வாங்க," என்றாள்.

அவர் நன்றி சொல்லிவிட்டுப் படி இறங்கினார். கத்தரி தலையைத் தூக்காமல், "புரட்டலையே," என்றார்.

அவள் கோட்டைப் பார்த்தாள். கைப்பட்டையில் நாலு பட்டன். சும்மா ஒட்டின பட்டன் இல்லை. பட்டன் நுழையும் நிஜக் காஜாவும் நிஜப் பிளவும் இருந்தன. அந்தப் பக்கம் ஒரு விரல் வெட்டினால் காஜா விளிம்பில் வந்து தொங்கும். தோளிலிருந்து கையையே கழற்றித்தான் குறைக்க வேண்டும். மூன்று நாள் வேலை. விலை நாலு மடங்கு.

கோட்டோடு தெருவில் ஓடினாள். சொன்னநாள் தெருவில் ஓடினாள்! பழக்கடைக்காரி எடை போட்டதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். பஸ் நிறுத்தத்தில் பிடித்தாள் அவரை.

"சார், தப்பாச் சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமை. விலையும் அறுநூறு."

"இப்பத்தானே நாளைக்குன்னு சொன்னீங்க? உங்க பேரை நம்பித்தான் இவ்ளோ தூரம் நடந்து வந்தேன்."

"சொன்னது என் தப்பு. வேண்டாம்னா கோட்டை எடுத்துட்டுப் போங்க."

அவர் கோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமையாவது வெள்ளிக்கிழமைதானா?" என்றார்.

அந்தக் கேள்வியை இதுவரை ஒருவரும் அவளிடம் கேட்டதில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு, கோட்டோடு கடைக்குத் திரும்பினாள்.

சாவிக்காரர் வாசலில் காத்திருந்தார். "ஓட்டமெல்லாம் பலமா இருக்கே."

"இன்னும் ஒரு வார்த்தை பேசினீங்க, உங்க சட்டையை எடுத்து ரெண்டு கழுத்து வச்சுத் தைச்சிருவேன்."

மதியம் சாப்பாட்டு டப்பா திறந்தபடி இருக்க, கத்தரியிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் மென்றுகொண்டே கேட்டார். கடைசியில் தண்ணீர் குடித்தார்.

"ஒரு மாசம்னு சொல்லிட்டுப் போயேன். என்ன இப்ப?"

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"தையல்காரன் பொய் சொல்லாம நாள் சொன்னதா உலகத்துல எங்கயும் கேள்விப்பட்டதில்ல. ஆனா எல்லாரும் சீக்கிரம்னுதான் பொய் சொல்லுவாங்க. லேட்டுன்னு பொய் சொல்ற முதல் ஆள் நீயாத்தான் இருப்ப."

"சிரிக்காதீங்க. ஒரு மாசம்னு சொன்னா அவ நம்பிருவா. அதான் பயமா இருக்கு. நம்பாம சண்டை போட்டாக்கூடப் பரவாயில்ல. நம்பிட்டு, மண்டபத்தை விட்டுட்டு, நாளைக்கு உண்மை தெரிஞ்சு வந்து நின்னா? இந்தத் தடவை ஆறு வருஷத்தோட நிக்காது."

"அப்ப ஆறு நாள்னு சொல்லு."

"சொன்னா? அந்தப் பொண்ணை நானே கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் நிக்க வச்ச மாதிரி ஆகும். அத்தனை நாள் கழிச்சுப் பெரியம்மான்னு கூப்பிட்டா. காசா கேட்டா? நாள்தானே கேட்டா."

கத்தரி டப்பாவை மூடினார். "நாளாக் கேட்டா? எனக்கு அப்படித் தோணல. அவளுக்கு ஒரு வாய் இருக்கு. அதைத் திறக்கப் பயம். அதான் உன் வாயைக் கேக்கிறா."

அவர் மெஷினுக்குப் போய்விட்டார். அவள் மட்டும் அதே இடத்தில் நின்றாள். கொக்கியில் உடுப்பு. உடம்பில்லாத உடுப்பு ஒன்றுமில்லை, சும்மா துணி. நாள் கணக்கு எங்கே ஆரம்பிக்கிறது என்று அப்போதுதான் யோசித்தாள். பை மேசைமேல் விழுந்த நேரத்திலிருந்தா? இல்லை. எந்த உடுப்பானாலும், போடுகிறவர் வந்து நின்று, மடித்து ஊசி குத்தியதைக் கண்ணாடியில் பார்த்து, சரி, பிரிங்க என்று சொன்ன பிறகுதான் அவள் முதல் நூலை அறுப்பாள். அது அவள் தொழில் வழக்கம். பிரித்துவிட்டால் திரும்பி வராது. அதனால் கேட்டுவிட்டுத்தான் பிரிப்பாள். காலையில் பொடிசு அந்த வார்த்தையைச் சொல்லவேயில்லை.

சாயங்காலம் வரை மூன்று பேண்ட், ஒரு பாவாடை, ஒரு பள்ளிக்கூடச் சட்டை வந்தன. ஒவ்வொன்றையும் புரட்டினாள், பிரித்தாள், விலை சொன்னாள், நாள் சொன்னாள். ஒவ்வொரு சீட்டையும் இரண்டு முறை படித்துவிட்டுக் குத்தினாள். கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். முயன்றதால் இன்னும் அதிகம் பார்த்தாள்.

ஐந்தே முக்காலுக்கு இருவரும் வந்தார்கள். பொடிசு பெரியம்மா முகத்தையே பார்த்தாள். கண்ணில் ஒரு கெஞ்சல். சொன்னநாள் பார்வையைத் துணிக்குத் திருப்பிக்கொண்டாள்.

"முதல்ல விலை," என்றாள் தங்கச்சி.

"நாலாயிரத்து இருநூறு."

"ரெண்டாயிரத்து நூறுங்க."

"இன்னும் பாதியைத் தாண்டிக் கணக்கு வரலையா? ஐந்நூறு முத்து எடுத்துக் கோக்கணும். பதினாலு சாண் கைத்தையல்."

"கைத்தையல்னா கை உங்களதுதானே? வெளிய வாங்கிட்டா வர்றீங்க? ரெண்டாயிரத்து நானூறு."

"நாலாயிரம். ஜிப்புக்குத் தனி."

"ஜிப்பு அதுலயே இருக்கே!"

"இருக்கிறதைக் கழட்டினாத்தான் உங்க பொண்ணு இடுப்பு உள்ள அடங்கும்."

"ரெண்டாயிரத்து எண்ணூறு. இதுக்கு மேல கேட்டா, எங்க கடையிலயே ஒரு மெஷினைப் போட்டு நானே உட்கார்ந்து தைச்சுக்குவேன்."

"நீயா? நீ பட்டன் தைச்சா சட்டையும் மேசைவிரிப்பும் ஒண்ணாச் சேர்ந்துரும். மூவாயிரத்து எழுநூறு."

"அது பன்னெண்டு வயசுல! அதை இன்னும் சொல்லிக் காட்டுறியா நீ? மூவாயிரம். போதும்கா, கொள்ளையடிக்காத!"

அந்த 'அக்கா' யாரும் கூப்பிடாமல் தானாக வந்து நின்றது. தங்கச்சிக்கே தெரிந்தது, நாக்கைக் கடித்துக்கொண்டு முத்தைப் பார்த்தாள். பேரத்தில் சூடேறினால் அவளால் மரியாதையைக் காப்பாற்ற முடியாது. சொன்னநாள் அளவு நாடாவை எடுத்துக் கையில் சுற்றினாள். இந்த ஒரு சொல்லுக்கு உடுப்பை இலவசமாகவே தைத்துக் கொடுக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால் அவள் முறைத்துக்கொள்வாள்.

"மூவாயிரத்து முந்நூறு. ஜிப்பு சேர்த்து," என்றாள்.

"சரி. எழுது." தங்கச்சி முகத்தில் காலையிலிருந்து இல்லாத ஒரு வெளிச்சம். "நாள்?"

சொன்னநாள் சீட்டை எடுத்தாள். பேனாவைத் திறந்தாள்.

"ஆறு நாள்."

பொடிசு கண்ணை மூடிக்கொண்டாள். தங்கச்சி மூச்சை விட்டாள். "நான் நினைச்சேன். நான் ஆறுன்னுதான் நினைச்சேன்!"

"ஆறு நாள்," என்றாள் சொன்னநாள் மறுபடி. "போடுறவ வந்து நின்னு பிரிங்கன்னு சொன்ன நேரத்துல இருந்து ஆறு. அவ சொல்லாம நான் ஒரு நூலை அறுக்க மாட்டேன். யாருக்கும் அறுத்ததில்ல."

"இதோ நிக்கிறாளே. சொல்லுடி, பிரிக்கச் சொல்லு."

பொடிசு கண்ணைத் திறந்தாள். பெரியம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். கொடுமை என்று சொல்கிற பார்வை. தான் கேட்டது கிடைக்காமல், கேட்காதது கையில் வந்து விழுந்த பார்வை. கத்தரியின் மெஷின் ஓடவில்லை. தங்கச்சியின் சிரிப்பு மட்டும் இடத்தை விட்டு நகராமல் அப்படியே இருந்தது.

"சொல்லேன்டி. ஒரு வார்த்தைதானே?"

"வேண்டாம்," என்றாள் பொடிசு.

"என்ன வேண்டாம்?"

"பிரிக்க வேண்டாம் பெரியம்மா. இப்ப வேண்டாம்." குரல் உடைந்தது; ஆனால் நிற்கவில்லை. "அம்மா, எனக்கு மூணு வாரம் வேணும். அடுத்த ஞாயிறு என்னால முடியாது. பாதி விலைன்னு நீ சந்தோஷப்பட்டப்ப சொல்ல முடியல. இப்பச் சொல்றேன்."

எதிர்விலை சொல்லத் தெரியாமல் தங்கச்சி நின்றது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

அவள் கைப்பையில் போன் அடித்தது.

எல்லாருக்கும் யார் என்று தெரியும். ஆறு மணி. தங்கச்சி போனை எடுத்தாள். குரலைத் துடைத்துச் சிரிப்பை ஒட்டவைத்தாள்.

"ஆமா சம்பந்தி… கடையிலதான் இருக்கோம்… எங்க அக்காவே சொல்லுவாங்க, ஒரு நிமிஷம்." போனின் வாயைப் பொத்திக்கொண்டு மேசைமேல் சாய்ந்தாள். கண் கலங்கியிருந்தது. "ஆறு நாள்னு மட்டும் சொல்லுக்கா. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம். பொய் சொல்லச் சொல்லலையே நான்? நீ சொன்னா அவங்க அங்க தேதியை உறுதி பண்ணிருவாங்க. இவளை நான் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கிறேன்."

இரண்டாவது அக்கா. இது பேரச் சூட்டில் வந்ததில்லை; தெரிந்தே கொடுத்தது. ஆறு நாள் என்று மட்டும் சொன்னால் இது நிலைக்கும். ஆறு நாள் என்பது உண்மையும்கூட. பாதி உண்மை.

சொன்னநாள் போனை வாங்கினாள். பொடிசைப் பார்த்தாள். சொல்லவா என்று கண்ணால் கேட்டாள். பொடிசு கன்னத்தைத் துடைத்துக்கொண்டு தலையை ஒருமுறை அசைத்தாள்.

"சொல்லுங்க," என்றது மறுமுனை. நிதானமான குரல், கொஞ்சம் களைப்பு. "உடுப்புக்கு எத்தனை நாள் ஆகும்?"

"உடுப்புக்கு ஆறு நாள்ங்க," என்றாள் சொன்னநாள். "பொண்ணுக்கு அது பத்தாதாம். மூணு வாரம் வேணும்ங்கிறா. இப்பப் பிரிக்க வேண்டாம்னு சொல்லிட்டு என் முன்னாலதான் நிக்கிறா."

தங்கச்சி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "முடிச்சிட்டே," என்றாள், சத்தமே வராமல். "மறுபடியும் முடிச்சிட்டே."

மறுமுனையில் ஒரு கதவு சாத்துகிற சத்தம் வந்தது.

"கடையை எத்தனை மணிக்குச் சாத்துவீங்க?" என்று கேட்டது அந்தக் குரல்.

"எட்டுக்கு."

"சாத்தாதீங்க. நான் கிளம்பிட்டேன். அந்தப் பொண்ணை எங்கயும் அனுப்பிடாதீங்க."

போன் அணைந்தது. சொன்னநாள் கேட்டதை அப்படியே சொன்னாள். கத்தரி எழுந்து இன்னொரு விளக்கைப் போட்டார். பொடிசு திரையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தங்கச்சி பையை எடுத்தாள். வாசல் வரை போனாள். இரண்டு படி இறங்கித் தெருவைப் பார்த்தாள், திரும்பி மகளைப் பார்த்தாள். அப்புறம் விறுவிறுவென்று உள்ளே வந்து, பையைத் தரையில் போட்டுவிட்டு, வாடிக்கையாளர் ஸ்டூலை இழுத்து, அக்காவுக்கு முதுகைக் காட்டி வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"வரட்டும்," என்றாள்.